இரும்புச்சத்து மாத்திரையாலும் தீராத குருதிச்சோகை

எமது நாட்டில் கர்ப்பிணித் தாய்மாருக்கு அரச கிளினிக்குகளில் இரும்புச்சத்து மாத்திரைகள் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. அவ்வாறிருந்தும், மாதக்கணக்கில் மாத்திரை உட்கொண்ட பின்னரும் களைப்பும் தலைச்சுற்றும் நீங்கவில்லையென முறையிடும் பெண்கள் பலராவர். மாத்திரையை ஒழுங்காக உட்கொள்ளவில்லையென அவர்கள் மீது பழிசுமத்துவது இலகுவானது. ஆனால் காரணம் வேறாகவும் இருக்கக் கூடும்.

மாத்திரை உடலில் சேர்கின்றதா என்பதையே முதலில் நோக்க வேண்டும். தேநீரிலும் கோப்பியிலும் உள்ள சில பதார்த்தங்கள் இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு, அது குருதியில் சேர்வதைத் தடுக்கின்றன. பாலிலும் மாத்திரையிலும் உள்ள கல்சியமும் அத்தகையதே. எனவே, கிளினிக்கில் தரப்படும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரே வேளையில் விழுங்குவது தகாது. இரும்பு மாத்திரையை விற்றமின் சியுடனோ தேசிக்காய்ச் சாற்றுடனோ வெறுவயிற்றில் உட்கொண்டு, கல்சியத்தை வேறொரு வேளைக்கு ஒதுக்குவதே முறையாகும். நோன்பு காலத்தில், நோன்பு துறக்கும் வேளைத் தேநீருடன் மாத்திரையைச் சேர்க்காது, உறங்கச் செல்லுமுன் உட்கொள்ளலாம். வயிற்றெரிவு, மலச்சிக்கல் காரணமாக மாத்திரையை நிறுத்திவிடுவோரும் உளர். ஒருநாள் விட்டு ஒருநாள் உட்கொள்வது சிலருக்கு ஏற்றதாகையால், அது குறித்து வைத்தியரிடம் வினவலாம்.

இரண்டாவது காரணம் குருதி இழப்பாகும். மிகையான மாதவிடாய், கொழுக்கிப்புழு, மூலநோய், குடற்புண் ஆகியன இருக்கையில் மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஏற்படும் இரும்புக் குறைபாட்டை ஒருபோதும் அலட்சியம் செய்யலாகாது. குடற் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது அமையலாம். இரும்பு மாத்திரையாலேயே மலம் கறுப்பதுண்டு. அதனால் உட்கசிவு கவனிக்கப்படாமல் போய்விடுவதும் உண்டு.

மூன்றாவதாக, எல்லாக் குருதிச்சோகையும் இரும்புக் குறைபாட்டால் வருவதன்று. விற்றமின் பி 12 குறைபாடு, சிறுநீரக நோய் என்பனவும் காரணமாகலாம். தலசீமியாக் காவிகளின் செங்குருதிக் கலங்கள் பொதுவாகவே சிறியவை. இரும்புக் குறைபாடு இல்லாதவிடத்து அவர்களுக்கு மாத்திரையால் பயனேதுமில்லை. காவிகள் இருவர் மணந்து கொண்டால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தை கடும் தலசீமியாவுடன் பிறப்பதற்கு நான்கில் ஒரு வாய்ப்புண்டு. இது பரம்பரை வழி வருவதாகையால், உறவுமுறைத் திருமணம் வழக்கிலுள்ள எமது சமூகங்களில் திருமணத்திற்கு முன்னரே குருதிப் பரிசோதனை செய்து கொள்வது இன்றியமையாதது.

சரியாக மாத்திரை உட்கொண்டால் நான்கு வாரங்களளவில் ஈமோகுளோபின் உயரத் தொடங்கியிருக்க வேண்டும். உயரவில்லையெனில், அதே மாத்திரைக்கு மீண்டும் சீட்டெழுதிப் பெறுவதுடன் திருப்தியுறாது, பெரிற்றின் முதலான பரிசோதனைகள் குறித்து வைத்தியரிடம் கேட்க வேண்டும். தேவைப்படுவோருக்கு நாளத்தினூடாக இரும்புச்சத்து ஏற்றும் சிகிச்சையும் உண்டு. ஈமோகுளோபின் வழமைக்குத் திரும்பிய பின்னரும், உடலின் சேமிப்பு நிரம்புவதற்குச் சுமார் 3 மாதங்கள் மாத்திரையைத் தொடர வேண்டும்.

வீட்டில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் தாயின் களைப்பை இயல்பானதென்று நாம் கருதிவிடலாகாது. அதற்கொரு காரணமுண்டு. அக்காரணத்தைக் கண்டறிவதில் குடும்பத்தினர் அனைவருக்கும் பொறுப்புண்டு.