முற்றத்து உயிர்கள் – 17: அடைகிடக்கும் தகப்பன்

ரொறன்ரோவில் வீட்டில் ஈமு வளர்க்க முடியாது. நகரசபைச் சட்டத்தின் 349ஆம் அத்தியாயத்தில், வைத்திருக்கக் கூடாத உயிரினங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. யானை, புலி, முதலை எல்லாம் வரும் அந்தப் பட்டியலில் பறக்காத பறவைகளும் உண்டு: தீக்கோழி, ரியா, கசோவரி, ஈமு, கிவி. கோழிக்கே இந்த நகரத்தில் என்ன பாடு என்பதைப் போன வாரம் பார்த்தோம். 2018இல் நான்கு வட்டாரங்களில் மட்டும், பரீட்சார்த்தமாக, நாலு பேடு வரைக்கும் அனுமதித்தார்கள். சேவல் கூடவே கூடாது.

இந்த வாரம் ஈமுவின் எண்ணெய், இறைச்சி, சந்தை மூன்றையும் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகப் படிக்க உட்கார்ந்தபோது ஆண் ஈமு குறுக்கே வந்து நின்றுவிட்டது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் இடம் தரவில்லை.

பெண் ஈமு மூன்று நாளுக்கு ஒன்றாக முட்டையிடும். கடும் பச்சை நிறம், அரைக் கிலோவுக்கு மேல் நிறை. ஓட்டைத் தடவினால் கை சொரசொரக்கும். கூட்டில் ஏழெட்டு முட்டை சேர்ந்ததும் ஆண் அவற்றின்மேல் அமர்கிறது. அன்றோடு அதன் தீனி நின்றுவிடுகிறது. அடைக்காலம் ஏறக்குறைய 56 நாள். அந்த எட்டு வாரமும் சாப்பாடு இல்லையென்றே சொல்லலாம். தண்ணீரும் அப்படித்தான், எச்சம் போடுவதுகூட மிக அருமை. நாளுக்குப் பத்துத் தடவை அளவில் எழும்பி முட்டைகளைப் புரட்டிவிட்டு மறுபடி அமரும். குஞ்சு பொரிக்கும்போது அதன் உடல் நிறையில் மூன்றில் ஒரு பங்குவரை கரைந்து போயிருக்கும்.

தாய் பெரும்பாலும் அப்போது பக்கத்தில் இருக்காது. வேறொரு ஆணோடு சேர்ந்து வேறொரு கூட்டில் முட்டையிடவும் அது போயிருக்கக்கூடும். இந்தத் தகப்பன் அடைகாக்கும் முட்டைகளில் சில அதற்குப் பிறந்தவையே அல்ல என்பதை மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் அதன் காவலில் ஒரு குறையும் வருவதில்லை. கிறீம் நிற உடம்பில் கபிலக் கோடு ஓடும் குஞ்சுகளை அரை ஆண்டுக்கு மேலாகக் கூட்டிக்கொண்டு திரிந்து, தீனி காட்டி, நாய் நரியிடமிருந்து காத்து வளர்ப்பதும் இதே ஆண்தான். அந்த நாட்களில் பெண் ஈமு கிட்ட வந்தாலும் விரட்டும். வழிதவறி வரும் சிறு குஞ்சைத் தன் குஞ்சுகளோடு சேர்த்துக்கொள்வதும் உண்டு.

இதைவிட என்னை வியக்கவைத்தது, பகல் குறுகும்போதுதான் ஈமுவுக்கு முட்டைப் பருவம் வருகிறது என்பது. அவுஸ்திரேலியாவில் அது மே, ஜூன் மாதங்கள். பூமத்திய கோட்டுக்கு வடக்கே கொண்டுவந்தால் பறவை தன் பருவத்தை மாற்றிக்கொள்கிறது. இங்கே நவம்பர் தொடங்கி மார்ச் வரைக்கும் இடும். ஒன்ராறியோவில் நகர எல்லைகளுக்கு அப்பால், விவசாய நிலத்தில் ஈமு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முட்டை பொறுக்குவது வெண்பனிக்குள். உறைந்து ஓடு வெடிப்பதற்கு முன் எடுத்து, குஞ்சு பொரிக்கும் இயந்திரத்துக்குள் வைத்துவிட வேண்டும். அடைகிடக்கப் பிறந்த தகப்பனுக்குப் பண்ணையில் அடைகிடக்க வேலை இல்லாமல் போவது இப்படித்தான்.

எட்டு வாரப் பட்டினியை அந்தப் பறவை எதைக்கொண்டு தாங்குகிறது? முதுகுத் தோலுக்குக் கீழே முன்கூட்டியே சேர்த்துவைத்த கொழுப்பைக்கொண்டு. ஈமு எண்ணெய் என்று சிறு போத்தலில் அடைத்து விற்பது அதே கொழுப்பைத்தான். எண்ணெயைப் பற்றி எழுத வேண்டியவை நிறைய. அவற்றை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கிறேன்.

ஈமுவை நேரில் பார்க்க விரும்புகிறவர் ஹை பார்க்குக்குப் போகலாம். வீட்டில் வைக்கக் கூடாதென்று சொல்லும் அதே நகரசபை, அங்குள்ள சிறிய விலங்குச் சாலையில் ஈமு வளர்க்கிறது. 1893இல் மான்களோடு தொடங்கிய இடம். நுழைவுக் கட்டணம் இல்லை. வேலியருகே சற்றுப் பொறுமையாக நில்லுங்கள். இறகு, இறகாகவே தெரியாது. மயிர் போலத் தொங்கும். ஒவ்வொரு இறகிலும் ஒரே அடியிலிருந்து சம நீளத்தில் இரண்டு தண்டுகள் கிளம்புவதால் வரும் தோற்றம் அது. முதுகின் நடுவே வகிடு பிரிந்து இரண்டு பக்கமும் சரியும். கழுத்தில் இறகு ஐதாகி நீலத் தோல் தெரியும். ஆண் உறுமும், பெண் கழுத்துக்குள் இருக்கும் காற்றுப்பையை ஊதி, தூரத்துப் பறைபோல முழங்கும். ஆணையும் பெண்ணையும் கண்ணால் பிரித்தறிவது கடினம், காதால் எளிது. கையில் சாவிக்கொத்து இருந்தால் உள்ளே வையுங்கள். மினுங்குவது எதையும் கொத்தி விழுங்கப் பார்க்கும்.

ஹை பார்க் என்றதும் கப்பிபாரா கதையைச் சொல்லாமல் விட முடியாது. 2016 மே மாதம் அங்கே புதிதாகக் கொண்டுவந்த இரண்டு கப்பிபாராக்கள் தப்பி ஓடின. ஊர் அவற்றுக்கு பொனி, கிளைட் என்று பெயர் வைத்துவிட்டது. அந்தப் பூங்காவின் குளக்கரையிலும் புதரிலும் வாரக்கணக்காகத் தேடி, ஜூன் மாதத்தில்தான் ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு அந்தச் சோடிக்கு மூன்று குட்டிகள். கப்பிபாராக்கள் ஓடியதற்கு முந்திய ஆண்டு, அங்கிருந்து தப்பிய ஒரு மயில் ரொன்செஸ்வேல்ஸ் பக்கத்துக் கூரைகளில் உலாவியது. வேலியும் பணியாட்களும் உள்ள இடத்திலேயே இதுதான் நிலைமை. ஈமு ஓடினால் மணிக்கு 50 கிலோமீற்றர் அளவில் ஓடும். உதைத்தால் நகம் கிழிக்கும். இருபது ஆண்டு தாண்டியும் உயிர்வாழும். ஸ்காபரோவின் பின்வளவுகளில் அதற்கு இடமில்லை என்று சட்டம் சொல்வது சரி.

இனி சந்தை. தமிழ்நாட்டில் ஈமு என்றால் முதலில் நினைவுக்கு வருவது பெருந்துறை. ஈரோடு மாவட்டத்தின் அந்த ஊரில் எம்.எஸ். குரு என்பவர் நடத்திய சுசி ஈமு ஃபார்ம்ஸ், மக்களுக்கு இரண்டு திட்டங்களை வைத்தது. முதலாவது: ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஆறு குஞ்சு தருவார்கள், கொட்டகை போட்டுத் தருவார்கள், தீனியும் அவர்களே. வளர்ப்பதற்கு மாதம் 6,000 ரூபாய், ஆண்டுக்கு 20,000 ரூபாய் போனஸ். இரண்டு ஆண்டு முடிந்ததும் பறவையைத் திருப்பி வாங்கிக்கொண்டு ஒன்றரை லட்சத்தையும் கொடுத்துவிடுவார்கள். கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு 92,000 ரூபாய். நூற்றுக்கு அறுபதுக்கு மேல்.

இரண்டாவது திட்டத்துக்கு விஐபி என்று பெயர். அதே ஒன்றரை லட்சம் கட்டினால் போதும். பறவையைக் கம்பெனியே வளர்த்துக்கொள்ளும். முதலீட்டாளருக்கு மாதம் 7,000 ரூபாய், போனஸ் வேறு. விடிய எழுந்து தண்ணீர் வைத்து, கொட்டகை கூட்டி, குஞ்சைக் காத்தவருக்கு ஆறாயிரம்; பறவையின் முகத்தையே காணாதவருக்கு ஏழாயிரம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அங்கே பறவை ஒரு பொருட்டே இல்லை என்பது விளங்கிவிடும். பின்னால் வந்தவர் கட்டிய காசுதான் முன்னால் வந்தவருக்கு மாதப்பணமாகப் போனது.

2012 ஆகஸ்டில் மாதப்பணம் நின்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெருந்துறையில் வந்து நின்றன. அவர்களில் நிலத்தையும் நகையையும் வைத்துக் கட்டியவர்கள் இருந்தார்கள். சுசியைப் பார்த்து ஆரம்பித்த வேறு ஈமு நிறுவனங்களும் அடுத்தடுத்துச் சரிந்தன. கொட்டகைகளில் பறவைகள் தீனியில்லாமல் செத்தன. எஞ்சியவற்றுக்கு அரசாங்கம் தீனி போட வேண்டிவந்தது. பின்னாளில், வைப்பீட்டாளர் நலன் காக்கும் சட்டத்தின் கீழான கோவை டான்பிட் நீதிமன்றம் குருவுக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. சுயமாக எட்டு வாரம் பட்டினி கிடந்து முட்டையைக் காக்கும் பறவை, மனிதரை நம்பிக் கம்பிவலைக்குள் பட்டினி கிடந்து செத்ததை என்னால் ஆறிப்போக விட முடியவில்லை.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்த ஏமாற்றம் அல்ல. அமெரிக்காவில் 1990களின் முற்பாதியில் ஒரு சோடி ஈமு பல்லாயிரம் டொலருக்குப் போனது. வாங்கியவர் எல்லோரும் குஞ்சு விற்கவே வாங்கினார்கள்; குஞ்சை வாங்கியவரும் குஞ்சு விற்கவே வாங்கினார். இறைச்சி தின்ன ஆள் சேரவில்லை. பத்தாண்டு முடிவதற்குள் விலை படுத்தது. ரெக்சாஸில் பண்ணைக்காரர் சிலர் தீனிச் செலவு தாளாமல் பறவைகளைத் தெருவில் திறந்துவிட்டார்கள். அங்கே திருப்பி வாங்கும் ஒப்பந்தம் காட்டி ஏமாற்ற ஒரு சுசி தேவைப்படவில்லை. தின்பவர் இல்லாத கால்நடை எந்த நாட்டிலும் இப்படித்தான் முடியும்.

ஒன்ராறியோவின் இறைச்சி விதிகள் ஈமுவை உணவுக்குரிய பறவையாக ஏற்கின்றன. இறைச்சி சிவப்பு, கொழுப்பு குறைவு. நேர்மையாகச் சிறிய அளவில் வளர்த்து விற்கிறவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஸ்காபரோவின் இறைச்சிக் கடைகளில் ஆட்டுக்கும் கோழிக்கும் நிற்கும் வரிசை ஈமுவுக்கு இல்லை. அந்த வரிசைதான் சந்தை.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து அப்பாவோ மாமாவோ தொலைபேசியில், "வளர்த்தால் போதுமாம், அவையே திருப்பி வாங்குவினமாம்" என்று ஏதாவது ஒரு உயிரைப் பற்றிச் சொன்னால், அது ஈமுவோ முயலோ காடையோ, காசு அனுப்புவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: இதன் இறைச்சி இன்றைக்கு எந்தக் கடையில், கிலோ என்ன விலைக்குப் போகிறது, வாங்குவது யார்? விற்கிறவரைத் தவிர வேறொருவர் அதற்குப் பதில் சொல்லும்வரைக்கும் ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

அடுத்த வாரம் எண்ணெய். கூடவே, பறவைக்காய்ச்சல் வந்ததால், வழக்கு நீதிமன்றப் படிகள் எல்லாம் ஏறிய பிறகும், 2025 நவம்பரில் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் கொலம்பியா எட்ஜ்வூட் பண்ணையின் 300க்கும் மேற்பட்ட தீக்கோழிகள்.