கலியாண வீடியோவும் மென்பொருள் கிரயமும்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், சோழர் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் ஆலயத்தையும் செவ்வாய்க்கிழமைதோறும் கூடுகிற மாட்டுச் சந்தையையும் தன் பழைய கீர்த்தியாகவும், பொறியியல், மருத்துவக் கல்லூரிகளைப் புதிய கீர்த்தியாகவும் கொண்டிருக்கிற மதகடிப்பட்டைப் போன்ற ஊர்களில், ஒரு காலத்தில் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்துக் கொடுத்து ஜீவனம் நடத்திய ஸ்டுடியோக்காரர், இன்று கலியாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து முதலிய சுபகாரியங்களின் வீடியோவையே பெரிதும் நம்பியிருக்கிறார். படம் பிடிப்பது ஒரு நாள் வேலை. அதை வெட்டி, ஒட்டி, வர்ணம் திருத்தி, பாட்டுச் சேர்த்து, பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் ஒருசேரத் திருப்தியடையும்படி செய்வது பல நாள் வேலை. அந்த வேலைக்குரிய மென்பொருளை மாற்றியாகவேண்டும், கையிலிருப்பதோ சொற்பம் என்ற நிலைமை வரும்போது அவர் முதலில் விசாரிப்பது விலையைத்தான். என் அபிப்பிராயத்தில், மொத்தச் செலவில் அந்த விலை மிகச் சிறிய அம்சம். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு, விரலைத் தொட்டு விலை பேசுகிற தரகர்கள் கிரயத்தை மட்டுமே மறைக்கிறார்கள். மாட்டை வெயிலில் நிறுத்திக் காட்டுகிறார்கள். மென்பொருள் வியாபாரத்திலோ கிரயம் பட்டப்பகலில் எழுதியிருக்கிறது, மறைந்திருப்பது மாடு.

ஆதியில் இந்தச் சங்கடமே சிறு தொழிலாளிக்குக் கிடையாது; கணினியில் படத்தொகுப்பு என்பது அவருக்கு எட்டாத வஸ்துவாக இருந்தது. 1994 பொங்கலுக்கு வெளிவந்த கமல்ஹாசனின் 'மகாநதி'தான் அவிட் என்னும் கணினிச் சாதனத்தைப் பயன்படுத்திய முதல் இந்தியப் படம் என்று சொல்வார்கள். பெரிய சினிமாவுக்கே அன்று அது புதுமை என்றால், கிராமத்து ஸ்டுடியோவைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பிற்பாடு ஜப்பானில் கோபே நகரத்துக் கனோபஸ் ஸ்தாபனம் செய்த அட்டைகளும், அவற்றை ஒட்டி வந்த எடியஸ் மென்பொருளும் கலியாண வீடியோத் தொழிலில் காலூன்றின. அந்த ஸ்தாபனம் 2005-ல் கிராஸ் வேலி நிறுவனத்தின் வசம் போனபிறகும், ஒரு முறை பணம் கட்டி வாங்கிய பதிப்பு வாங்கியவருக்கே சொந்தம் என்ற ஏற்பாடு நீடித்தது. அந்த ஏற்பாட்டைத் துணிந்து மாற்றியது அடோபி நிறுவனம். பிரீமியர் என்னும் படத்தொகுப்பு மென்பொருள் முதலான தன் மென்பொருள்களின் புதிய பதிப்புகள் இனிமேல் சந்தா கட்டுவோருக்கு மட்டுமே கிடைக்கும் என்று 2013 மே மாதத்தில் அது அறிவித்தது.

சந்தா முறையை அநியாயம் என்று தூற்றுவோரின் கட்சியில் நான் இல்லை. மாதந்தோறும் ஒரே சீராக வருமானம் உள்ளவனுக்கு அது சௌகரியமான ஏற்பாடே. ஆனால் தையிலும் வைகாசியிலும் உறங்க நேரமின்றி உழைத்து, ஆடியிலும் மார்கழியிலும் கடையைத் திறந்துவைத்து ஈ ஓட்டுகிற ஒருவருக்கு, முகூர்த்தம் பார்க்கத் தெரியாத அந்தச் சந்தா ஆகி வராது. சந்தா நின்றால் மென்பொருள் நிற்கும். மென்பொருள் நின்றால், சென்ற வருஷத்துக் கலியாணத்தின் ப்ராஜெக்ட் ஃபைல் தம் சொந்த ஹார்ட் டிஸ்க்கிலேயே இருந்தும் திறக்க முடியாத பெட்டகமாகிவிடும்.

சந்தாவுக்கு மாற்றாக இன்று பலரும் சுட்டுவது டாவின்சி ரிசால்வ். ஒரு காலத்தில் லட்சக்கணக்கான டாலர் விலையில், பெரிய வர்ணத் திருத்தக் கூடங்களில் மட்டும் வீற்றிருந்த இந்தச் சாதனத்தை, ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் நிறுவனம் 2009-ல் வாங்கி, மறு வருஷமே மென்பொருளை மாத்திரம் 995 டாலருக்கு விற்றது. 2011-ல் இலவசப் பதிப்பு ஒன்றையும் வெளியிட்டது. 2017-ல் முழுப் பதிப்பின் விலையை 299 டாலராகக் குறைத்தது. ஒரு முறை வாங்கியவர்கள் அதன்பின் வந்த புதிய பதிப்புகளையும் கூடுதல் பணமின்றியே பெற்றுவருகிறார்கள். இலவசப் பதிப்பே 4கே அளவு வரை படத்தை வெளியிடும். மங்கிய மண்டப வெளிச்சத்தில் எடுத்த படத்தின் புள்ளி இரைச்சலைத் துடைக்கும் வசதி மட்டும் பணம் கட்டிய பதிப்பில்தான் உண்டு. கலியாண வீடியோக்காரருக்கு அது அற்ப விஷயமல்ல.

மறைந்திருக்கும் மாடு இங்கேதான் வெளிப்படுகிறது. இந்த மென்பொருள் நல்ல கிராபிக்ஸ் கார்டையும் குறைந்தது 16 ஜி.பி. ரேமையும் எதிர்பார்க்கிறது, எடியஸ் சுலபமாக ஓடிய பழைய கணினியில் இதை ஏற்றினால், இலவசமாக வந்த மென்பொருளின் பொருட்டுப் புதுக் கணினி வாங்கநேரும். அது போகட்டும், விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே படம் பதிவு செய்கிற கேமரா மணிக்கு 45 ஜி.பி. இடத்தை விழுங்குகிறது. இரண்டு கேமரா ஐந்து மணி நேரம் ஓடினால் ஒரே கலியாணத்துக்கு 450 ஜி.பி.; பத்திரத்துக்காக ஒரு நகல் வைப்பதென்றால் அதைப்போல் இரு மடங்கு. குறைந்த பணமுள்ளவர் அதை மென்பொருளில் போடுவதைவிட ஒரு எஸ்.எஸ்.டி.யிலும் ரேமிலும் போட்டால், இருக்கிற பழைய மென்பொருளே புதியதுபோல் ஓடுவதைக் காண்பார். கனமான ஃபுட்டேஜுக்கு ப்ராக்ஸி என்னும் சிறிய நகலை உண்டாக்கி, அதில் வெட்டி, கடைசியில் மூலத்திலிருந்து ரெண்டர் செய்கிற வழக்கத்தைக் கைக்கொண்டாலே பாதிக் கஷ்டம் தீரும். இதற்குப் பணமே வேண்டாம்.

பதிப்பை உயர்த்தியே ஆகவேண்டும் என்ற பதற்றமும் பெரும்பாலும் வீணானது. 2011 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் படத்தொகுப்பு மென்பொருளான ஃபைனல் கட் ப்ரோவை அடியோடு மாற்றி வெளியிட்டபோது, பழைய பதிப்பில் செய்த வேலைகளை அது திறக்கவில்லை. பல கேமராப் படங்களை ஒருங்கே வைத்து வெட்டும் வசதியும் முதலில் இல்லை. உலகமெங்கும் தொழில்செய்வோர் கொதித்தெழுந்தார்கள். சிலருக்குப் பணமே திருப்பித் தரப்பட்டது. அந்தக் கொந்தளிப்பில் சேராமல் பழைய ஏழாம் பதிப்பையே வைத்துக்கொண்டவர்களும் உண்டு. 2020-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பெற்ற கொரியப் படமான 'பாரசைட்', ஆப்பிள் கைவிட்டு வெகுகாலமான அந்த ஏழாம் பதிப்பில்தான் தொகுக்கப்பட்டது.

ஆயினும் மாறித்தான் தீரவேண்டிய வேளையும் வரும். அப்போது எக்ஸ்.எம்.எல்., ஈ.டி.எல். என்ற பொதுக் கோப்புகள் டைம்லைனை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் என்று சொல்லுவார்கள். அவை கொண்டுபோவது பெரும்பாலும் வெட்டுகளை மட்டுமே. வர்ணமும் எஃபெக்டும் டைட்டிலும் வழியில் உதிர்ந்துபோகும். டைட்டில் விஷயத்தில் தமிழருக்கென்று ஒரு தனிச் சோதனை வேறு இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் பழகிய கை யூனிகோடுக்கு வரும்போது, சில மென்பொருள்கள் 'கொ', 'கோ' முதலிய எழுத்துகளின் கொம்பையும் காலையும் இடம் மாற்றிப் போட்டு, மணமகன் கோபாலகிருஷ்ணனை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடும். பிரீமியரில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இது சரியாகும். எந்த மென்பொருளானாலும், மற்ற பரீட்சைகளுக்கு முன்பு ஒரு கலியாணப் பத்திரிகையின் பெயர்களைத் தட்டிப் பார்த்துவிடுவது உத்தமம்.

செல்பேசியிலேயே எல்லாம் ஆகிவிடும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில், படத்தொகுப்புக்குப் பெயர்பெற்ற விவா வீடியோவும் ஒன்று; செயலியை மட்டும் நம்பிய வேலை இப்படி ஒரே நாளில் நின்றுபோகக்கூடும்.

பணமே செலவழிக்க இயலாதவர்க்குக் கட்டற்ற மென்பொருள் வகையைச் சேர்ந்த கேடிஇன்லைவ், ஷாட்கட் ஆகியவை இருக்கின்றன. சாதாரணக் கணினியிலும் ஓடும், சந்தா இல்லை, கோப்பை எவரும் பூட்டமாட்டார்கள். பெரிய கலியாணத்தின் பல கேமரா வேலையில் இவை எடியஸுக்கு நிகராகா என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். காதுகுத்துக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் தாராளமாகப் போதும். விழுப்புரத்தில் கிராமத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் கற்பித்துவரும் குனு/லினக்ஸ் பயனர் குழுவும், புதுச்சேரியில் அதே நோக்கமுள்ள இயக்கமொன்றும் இருப்பதால், நடுவில் இருக்கிற மதகடிப்பட்டுக்காரர் சந்தேகம் கேட்க எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் ஆள் கிடைக்கும். கிராக் வெர்ஷனை வைத்துக் காலந்தள்ளுகிறவர்களுக்கு நான் நீதி போதிக்கப் போவதில்லை. அத்துடன் வைரஸும் கூட வருவதுண்டு என்பதையும், அது கலியாணத்துக்கு மறுநாள் விழித்துக்கொண்டால் பிறர் வீட்டு முகூர்த்தத்தைத் திரும்ப நடத்திப் படம்பிடிக்க இயலாது என்பதையும் மட்டும் நினைவூட்டுகிறேன்.

மாறுவதற்குரிய மாதம் ஆடி. ஆனியிலேயே பழைய கலியாணங்களை எல்லாம் முழுத் தரத்தில் ரெண்டர் செய்து, எந்த மென்பொருளும் இன்றிப் பார்க்கத்தக்க கோப்புகளாக ஒதுக்கிவைத்துவிட வேண்டும். ஆடி முழுவதும், முன்பே கொடுத்து முடித்த ஒரு வீடியோவை எடுத்துக்கொண்டு, அதன் மூல ஃபுட்டேஜிலிருந்து புது மென்பொருளில் முதலிலிருந்து செய்து பார்க்கலாம். வாடிக்கையாளர் எவரும் காத்திருக்கமாட்டார். ஆவணியில் முகூர்த்தங்கள் தொடங்கும்போது சிறு வேலைகளைப் புதியதிலும் பெரிய கலியாணங்களைப் பழையதிலும் செய்து, தை வரை இரண்டையும் ஒரே கணினியில் வைத்திருக்கலாம். பழையதின் உரிமத்தை அதற்கு முன் ரத்துசெய்ய அவசரப்படவேண்டாம்.