கோடரி கொடுத்தால் போதுமா?



அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழரின் வரலாற்றை ஜும்ஆ பயான்களில் பலமுறை கேட்டிருப்பீர்கள். அவர் வீட்டிலிருந்த விரிப்பும் கிண்ணமும் இரண்டு திர்ஹத்துக்கு விற்கப்பட்டன. ஒரு திர்ஹம் குடும்பத்தின் உணவுக்கு, மற்றொன்று கோடரிக்கு. அக்கோடரிக்கு நபியவர்கள் தம் திருக்கரத்தாலேயே காம்பு பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்க அனுப்பினார்கள் என்கிறது அபூதாவூத் கிரந்தம். நம் பயான்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் முடிந்துவிடும். உழைப்பின் சிறப்பைச் சொல்லியாயிற்றல்லவா!

ஆனால் நிகழ்ச்சி இத்துடன் முடியவில்லை. பதினைந்து நாள் கெடு வைக்கப்பட்டது. கெடு முடிந்து அத்தோழர் வந்தபோது பத்து திர்ஹம் சம்பாதித்திருந்தார். துணியும் உணவும் வாங்கியிருந்தார். கருவியைக் கொடுத்த பெருமானார், அது என்ன பலன் தந்தது என்பதையும் பார்த்தார்கள்.

இன்று கோடரி கொடுக்கும் பணியை அரசாங்கங்கள் பெரிய அளவில் செய்கின்றன. தமிழகத்தில் 2022 மார்ச் 1 அன்று ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கப்பட்டது. மத்திய அரசு 2015இல் ‘பிரதம மந்திரி கவுசல் விகாஸ் யோஜனா’வைத் தொடங்கியது. அதே ஆண்டில், மத்ரஸா மாணவர்களையும் பள்ளிப் படிப்பை இடையில் விட்ட சிறுபான்மை இளைஞர்களையும் கருதி ‘நயீ மன்ஸில்’ வந்தது. அது பின்னர் ‘பிஎம் விகாஸ்’ திட்டத்துடன் இணைக்கப்பட்டுவிட்டது. நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. பலன் என்ன?

கவுசல் விகாஸ் திட்டத்தை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பயிற்சி பெற்றோர் பதிவேட்டில் 94 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு உருப்படியான வங்கிக் கணக்கு விவரமே இல்லை என்று அது கூறியது. ஒரே புகைப்படம் பலருக்கு ஒட்டப்பட்டிருந்ததையும் சுட்டிக் காட்டியது. குறுகிய காலப் பயிற்சியில் சான்றிதழ் பெற்றவர்களில் வேலையில் அமர்ந்தோர் 41 விழுக்காட்டினரே. பயிலாத பிள்ளையின் பெயரை வருகைப் பதிவேட்டில் எழுதும் உஸ்தாதை நாம் என்னவென்று சொல்வோம்?

பதிவேடு சுத்தமாக இருந்தாலும்கூட ஒரு சிக்கல் உண்டு. நூறு பேர் பயின்று அறுபது பேர் வேலை பெற்றால் அறுபதும் பயிற்சியின் பலன்தானா? விரும்பி விண்ணப்பிப்போர் ஏற்கெனவே துடிப்புள்ளவர்கள். பயிற்சி இல்லாமலேயே அவர்களில் நாற்பது பேருக்கு வேலை கிடைத்திருக்கலாம். அந்த நாற்பதைக் கழித்தால்தான் உண்மை தெரியும். அதற்கு வழி குலுக்கல் சீட்டு. விண்ணப்பித்தவர்களில் சிலரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்துப் பயிற்சியளித்து, எஞ்சியோரையும் மறவாமல் பின்தொடர்ந்து, இரு சாராரையும் ஒப்பிட வேண்டும்.

புஷ்கர் மைத்ரா, சுபா மணி என்னும் பொருளியல் அறிஞர்கள் தில்லியின் ஏழைக் குடியிருப்புகளில் இதைத்தான் செய்தனர். பெண்களுக்கு ஆறு மாதத் தையற்பயிற்சி. தேர்வு குலுக்கல் முறையில். 2017இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, பயிற்சி வாய்ப்புப் பெற்ற பெண்களில் வேலை செய்வோர் மற்றவர்களைவிட நூற்றுக்கு ஆறு பேர் கூடுதல். மாத வருமானமோ ஒப்பீட்டில் ஒன்றரை மடங்கு அதிகரித்திருந்தது. ஆறு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். இட்டுக்கட்டாத எண் அது என்பதே அதன் மதிப்பு.

அவ்வாய்வில் என்னை நிறுத்தி வைத்த செய்தி வேறு. சேர்ந்த பெண்கள் பலர் ஏன் இடையில் நின்றார்கள்? ஆர்வக் குறைவு என்று எளிதாகச் சொல்லிவிடுவோம். ஆய்வாளர்கள் கண்ட தடைகள் மூன்று: பயிற்சி நிலையத்தின் தூரம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளின்மை, பண நெருக்கடி. திருவேற்காட்டிலோ பட்டாபிராமிலோ உள்ள ஒரு தாய், கைக்குழந்தையுடன் இரண்டு பேருந்து மாறி அம்பத்தூருக்கு வந்து படிப்பதை எண்ணிப் பாருங்கள்! அங்கே பெண்களுக்கென்றே அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது, தொழிற்பேட்டையும் இருக்கிறது, ஆவடியில் படையினருக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையே இருக்கிறது. இவற்றுக்கும் அவளுக்கும் இடையே நிற்பது ஒரு தொட்டிலும் ஒரு பஸ் பயணமும்தான். தமிழகத்தில் மகளிர்க்கு நகரப் பேருந்தில் 2021 முதல் கட்டணமில்லை. தொட்டிலுக்கு இன்னும் வழி பிறக்கவில்லை.

கசப்பான முடிவுகளும் வரும். அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டத்தின் கீழ் நடந்த வகுப்புகளை, 16 இடங்களில் சுமார் 20,000 பேரைக் கொண்டு குலுக்கல் முறையில் ஆராய்ந்தார்கள். வயது வந்தோர்க்குச் சிறிது நன்மை. பள்ளியை விட்ட இளைஞர்களுக்கோ பலனே தென்படவில்லை. 1995இல் இளைஞர் பகுதிக்கான நிதி பெருமளவு வெட்டப்பட்டது. வெட்டியதற்குப் பதிலாகத் திருத்தியிருக்கலாகாதா என்று எனக்குத் தோன்றுகிறது. ஆராய்ச்சி ஒரு மருத்துவப் பரிசோதனை போன்றது. நோயைக் கண்டதும் நோயாளியைக் கைவிடுவது மருத்துவமாகாது.

நம் தமிழக அரசும் 2014இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சார்ந்த ‘ஜே-பால்’ ஆய்வகத்துடன் இத்தகைய ஆய்வுகளுக்காக ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆகவே இது நமக்கு அந்நியமான கலை அன்று.

அரசைக் கேட்கும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ரமளானில் ஜகாத் நிதியிலிருந்து தையல் இயந்திரம் வழங்குகிறோம். மேடை, சால்வை, புகைப்படம். அடுத்த ரமளானில் புதிய பட்டியல். எங்கள் பகுதியில் ஒரு சகோதரியின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, நாங்கள் கொடுத்த இயந்திரம் துணி போர்த்தப்பட்டு அரிசி மூட்டை தாங்கி நின்றது. “ஊசி உடைஞ்சு போச்சு ஹஜ்ரத். மாத்தத் தெரியல. யார்கிட்டே கேக்குறதுன்னும் தெரியல” என்றார். ஊசியின் விலை சில ரூபாய்கள். கொடுத்து எட்டு மாதமாகியிருந்தது. அதுவரை எங்களில் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

அன்று மாலையே ஜமாஅத் நோட்டில் பெயர், தேதி, ஒப்பம் என்றிருந்த மூன்று கட்டங்களுக்கு அடுத்து நான்காவதாக ஒன்று வரைந்தோம்: ‘ஆறு மாதம் கழித்து’. அதை நிரப்ப வீடு வீடாகச் செல்லும் பொறுப்பை ஓதி முடித்த மாணவர் இருவர் ஏற்றிருக்கிறார்கள்.