கோடு போட்டேன், மாமா நடந்தார்!

எங்கள் ஊர் குற்றாலம். சாரல் ஆரம்பித்துவிட்டால் போதும், விடியற்காலையிலேயே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பேரருவிக்கு நடந்தே போய்க் குளித்துவிட்டு வருவார் என் மாமனார். அப்படிப்பட்டவர், மூன்று வருஷத்துக்கு முன் காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்க ஆரம்பித்தார். வலது கை சும்மா இருக்கும்போது நடுங்கும். வாசற்படி அருகே வந்ததும் சிலை மாதிரி நின்றுவிடுவார். "காலு தரையில ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்கும்மா" என்பார்.

முதலில் பார்த்த டாக்டர், "வயசானா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டார். நானும் அடுப்படி அவசரத்தில், "சீக்கிரம் வாங்க மாமா, காப்பி ஆறிப் போகுது" என்று எரிந்து விழுந்திருக்கிறேன். ஒருநாள் குளியலறை வாசலில் விழுந்து, நெற்றியில் நாலு தையல்.

பிறகுதான் நரம்பு டாக்டரிடம் போனோம். 'பார்க்கின்சன்' நோய் என்றார். 1817-ல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயராம். மூளையில் 'டோபமைன்' என்ற பொருள் குறைந்துபோவதால், நாம் நினைக்காமலே நடக்கிற நடைகூடத் தடைபடுகிறது. குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கும் இதே நோய்தான். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையால் தீபம் ஏற்றினாரே!

மாத்திரையோடு, டிரெட்மில்லில் நடக்கவும் சொன்னார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தரையிலேயே விழுகிறவரை ஓடுகிற பட்டையில் ஏற்றுவதா?

தென்காசியில் பிசியோதெரபி செய்கிற பெண் பொறுமையாக விளக்கினார். பட்டை ஒரே சீராக ஓடுவதால், கால் அதற்கு ஈடுகொடுத்து எட்டி வைக்கப் பழகுமாம். 633 நோயாளிகளை வைத்து நடந்த 18 ஆய்வுகளை 2015-ல் காக்ரேன் என்ற அமைப்பு தொகுத்துப் பார்த்ததில், நடை வேகமும் எட்டின் நீளமும் கூடியிருந்தனவாம். நடக்கும் தூரம் மட்டும் கூடியதாகத் தெரியவில்லையாம்.

இருதயத்தைப் பரிசோதித்த பிறகே ஆரம்பித்தார்கள். மாத்திரை வேலை செய்கிற நேரம் பார்த்து, மேலே மாட்டிய பெல்ட்டை உடம்பில் கட்டி, கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லி, மெதுவாக நடத்தினார்கள். பக்கத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டே இருப்பார். வாரத்தில் மூன்று நாள். ஒன்றரை மாதத்தில், தேய்த்து வைத்த காலைத் தூக்கி வைத்தார் மாமா!

மெஷின் வாங்க நமக்கு ஏது வசதி? அந்தப் பெண் சொன்னபடி கூடத்தில் ஓர் எட்டுக்கு ஒன்றாகக் கலர் டேப்பைக் குறுக்கே ஒட்டினேன். கோட்டைத் தாண்டி வைக்க வேண்டும் என்றதும் கால் தானாக எழும்புகிறது. வழுக்குகிற மிதியடிகளை எடுத்துவிட்டேன். நின்றுவிட்டால் இழுப்பதில்லை. "நில்லுங்க மாமா, மூச்சு விடுங்க. இப்ப... ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவேன். அவசரப்படுத்தினால் கால் இன்னும் ஒட்டிக்கொள்ளும் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

நோய் போய்விடவில்லை. சில நாள் நன்றாக நடப்பார், சில நாள் முடியாது. ஆனாலும் இந்தச் சாரலில், ஆட்டோவை விட்டு இறங்கி, நான் எண்ண எண்ண, அருவி தெரிகிற இடம் வரை வந்துவிட்டார். குளிக்கவில்லை. முகத்தில் சாரல் பட நின்றுகொண்டு, "மெஷினு நல்ல வாத்தியாருதான். ஆனா அங்க இந்தச் சத்தம் இல்லையேம்மா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தோழிகளே, வீட்டுப் பெரியவர் நடை மாறினால் 'வயசு' என்று விட்டுவிடாதீர்கள். நரம்பு டாக்டரிடம் ஒரு நடை காட்டிவிடுங்கள்.

- ஒரு மருமகள், குற்றாலம்.