ஆசிரியரை எழுதிவைத்த மாணவர்கள்

அரபு நூற்பட்டியல்களைப் புரட்டுவோர் மஷ்யகா, முஃஜமுஷ் ஷுயூக், ஸபத், ஃபஹ்ரஸா, பர்னாமஜ் என்னும் சொற்களை அடிக்கடி எதிர்கொள்வர். இவை தனித்தனிக் கலைகளின் பெயர்கள் அல்ல. ஒரு மாணவர் தமக்குக் கல்வியளித்த பெருமக்களை நிரல்படுத்தி, எவரிடம் எந்த நூலை, எவ்விடத்தில், எந்த ஆண்டில் கற்றார் என்று பதிந்துவைத்த ஏடுகளுக்கு வழங்கிய பெயர்களே இவை. கிழக்கில் மஷ்யகா என்றனர். ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் அமைத்தால் முஃஜம் என்றனர். அந்தலூஸிலும் மக்ரிபிலும் ஃபஹ்ரஸா, பர்னாமஜ் என்ற பெயர்கள் வழங்கின. காழீ இயாழ் (மறைவு ஹி. 544 / கி.பி. 1149) தம் ஆசிரியர்கள் ஏறத்தாழ நூற்றுவரைப் பற்றி ‘அல்குன்யா’வை எழுதினார். இஷ்பீலியாவின் இப்னு கைர் (மறைவு ஹி. 575 / கி.பி. 1179) தாம் ஆசிரியர்களிடமிருந்து பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களைத் தம் ஃபஹ்ரஸாவில் தொகுத்தார். பழைய மாணவர்கள் தம் கலாசாலையையும் ஆசிரியர்களையும் நினைவுகூர்வது நம் முன்னோரிடத்தில் ஓர் எழுத்துத் துறையாகவே வளர்ந்திருந்தது என்பதை இவை காட்டுகின்றன.

இத்துறை ஏன் தோன்றியது என்பதை விளங்கிக்கொள்ள இஸ்னாதை நினைத்தால் போதும். ஒரு ஹதீஸை அறிவிப்பவர் அதை யாரிடம் கேட்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்த ‘யார்’ நம்பத்தக்கவரா, இருவரும் சந்தித்தது உண்மையா, அப்போது மாணவரின் வயது என்ன என்ற வினாக்கள் பின்தொடரும். ஆகவே ஆசிரியரைப் பற்றிய நினைவு இங்கே நெஞ்சின் நெகிழ்ச்சி மட்டுமன்று, அது சாட்சியம். நூல்களின் இறுதியில் ‘ஸமாஉ’ எனப்படும் செவிமடுப்புக் குறிப்பொன்றை எழுதும் வழக்கமும் இதனால் வேரூன்றியது. இன்ன நூல், இன்ன ஆசிரியர் முன்னிலையில், இன்ன நாளில், இன்ன இடத்தில் வாசிக்கப்பட்டது. வந்திருந்தோர் இன்னார் என்று அதில் காண்கிறோம். திமிஷ்க் நகரில் ஹிஜ்ரி 550 முதல் 750 வரை எழுதப்பட்ட இத்தகைய குறிப்புகளின் தொகுப்பொன்று 1996இல் அதே நகரில் வெளியாயிற்று. எவர் தாமதமாக வந்தார், எவர் ஒரு பகுதியைத் தவறவிட்டார், எவர் இடையில் உறங்கிவிட்டார் என்பதையெல்லாம் இத்தகைய குறிப்பெழுதியோர் விட்டுவைக்கவில்லை. தூங்கியவரின் பெயர் எழுநூறு ஆண்டுகள் கடந்தும் நிலைத்துவிட்டதை எண்ணினால் சற்றே புன்னகை எழுகிறது. ஆயினும் தூங்கியவர் தூங்கிய பகுதியைத் தாம் கேட்டதாகப் பின்னாளில் சொல்ல இயலாது என்பதே அதன் நோக்கம்.

இத்துறையில் நமக்கு மிக அணுக்கமான எடுத்துக்காட்டு இமாம் நவவீ (ரஹ்) அவர்களைப் பற்றி அவர்தம் மாணவர் இப்னுல் அத்தார் எழுதிய ‘துஹ்ஃபதுத் தாலிபீன்’. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊர்களில் ‘மின்ஹாஜ்’ ஓதாத மத்ரஸா அரிது. ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ இல்லாத பள்ளிவாசல் அதனினும் அரிது. அந்நூல்களின் ஆசிரியர் எவ்வாறு படித்தார், எவ்வாறு கற்பித்தார், எதை உண்டார் என்பவற்றில் பெரும்பகுதியை நாம் அறிவது இந்த ஒரு மாணவரின் வாயிலாகவே. ஹிஜ்ரி 654இல் பிறந்த இப்னுல் அத்தார், 670 முதல் ஆசிரியர் மறைந்த 676 (கி.பி. 1277) வரை ஏறக்குறைய ஆறாண்டுகள் அவரை விட்டகலாமல் இருந்தார். ‘சின்ன நவவீ’ என்று பொருள்படும் பெயரால் மக்கள் அவரை அழைத்தனர்.

இப்னுல் அத்தார் தாம் கண்டதோடு நின்றுவிடவில்லை. தமக்கு முந்திய காலத்தை அறிய, அதை நேரில் கண்டவர்களிடம் சென்றார். நவா என்ற சிற்றூரில் பத்து வயதுச் சிறுவனாயிருந்த நவவீயை மற்றப் பிள்ளைகள் விளையாட வருமாறு வற்புறுத்த, அவர் அழுதுகொண்டே ஓடியதையும் அந்நிலையிலும் குர்ஆன் ஓதியதையும் ஷைகு யாஸீன் அல்மர்ராகுஷீ கண்டிருந்தார். அவர் அச்சிறுவனின் ஓதல் ஆசிரியரிடம் சென்று, இப்பிள்ளை தன் காலத்தில் பேரறிஞனாக வரக்கூடும் என்று சொல்ல, நீர் என்ன சோதிடரா என்று ஆசிரியர் கேட்டாராம். அல்லாஹ்வே தம்மை அவ்வாறு பேசவைத்தான் என்பது ஷைகின் மறுமொழி. ஓதல் ஆசிரியர் அச்செய்தியைச் சிறுவனின் தந்தையிடம் சேர்ப்பித்தார். கடையில் அமர்த்தப்பட்டிருந்த பிள்ளையின் வாழ்வில் இச்சிறு உரையாடலுக்கு இடமுண்டு. அந்த ஓதல் ஆசிரியரின் பெயர் மட்டும் அச்செய்தியில் இல்லை. தொடக்கக் கல்வி தந்தோரின் பெயர்கள் முதலில் மறைவது அன்றும் இருந்த குறை போலும்.

அடுத்து வருவது மாணவப் பருவம். பத்தொன்பது வயதில், ஹிஜ்ரி 649இல், நவவீ திமிஷ்குக்கு வந்து ரவாஹிய்யா மத்ரஸாவில் தங்கினார். அங்கே கிடைத்த உணவுப்படியே அவருக்கு வாழ்வாதாரம். ஏறத்தாழ ஈராண்டுகள் விலா தரையில் படப் படுத்ததில்லை என்று அவரே மாணவரிடம் கூறியிருக்கிறார். ‘தன்பீஹ்’ நூலை நாலரை மாதத்தில் மனனம் செய்தார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு பாடங்கள்: ‘வஸீத்’தில் இரண்டு, ‘முஹத்தப்’, ஸஹீஹ் முஸ்லிம், இப்னு ஜின்னீயின் இலக்கணம், இப்னுஸ் ஸிக்கீத்தின் சொல்நூல், உஸூல், அறிவிப்பாளர் வரலாறு என்று அப்பட்டியல் நீள்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டுத் திமிஷ்கில் ஒரு மாணவர் எவற்றைப் பயின்றார் என்று இன்று ஆராய்வோருக்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது கடினம். இதற்கிடையே மருத்துவமும் கற்கும் விருப்பில் இப்னு ஸீனாவின் ‘கானூன்’ நூலை வாங்கியதையும், மனம் இருண்டுவிட்டதாக உணர்ந்து அதை விற்றுவிட்டதையும் மாணவர் பதிந்துள்ளார். புகழ் பாடுவதே நோக்கமாயின் பன்னிரண்டு பாடங்களோடு நிறுத்தியிருப்பார்.

ஆசிரியரிடம் துணிந்து வினவும் உரிமையும் இம்மாணவருக்கு இருந்தது. திமிஷ்கின் கனிகளை உண்ணாதது ஏன் என்று ஒருமுறை கேட்டார். அந்நகரின் தோட்டங்கள் பல வக்ஃபுக்கும், பிறர் பொறுப்பில் உள்ளோருக்கும் உரியவை. அவற்றைக் குத்தகைக்கு விடும் முறையிலும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஐயமுள்ளதை எவ்வாறு உண்பது என்ற கருத்தில் விடை வந்தது. ‘மின்ஹாஜ்’ ஓதும் மாணவர் முஸாகாத் பாடத்தைச் சட்டமாகப் படிக்கிறார்; ஆனால் அச்சட்டத்தை எழுதிய கை ஒரு கனியை நோக்கி நீளத் தயங்கியதை அறியத் துஹ்ஃபாவிடம்தான் செல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் நம்மை உலுக்குவது வேறொரு செய்தி. தம் கையால் எழுதிய ஏறத்தாழ ஆயிரம் ஏட்டுக் கட்டுகளை, காகிதக் கடைக்குக் கொண்டுசென்று எழுத்துகளைக் கழுவிவிடுமாறு ஆசிரியர் கட்டளையிட்டார். அருகிலேயே நின்று அதைப் பார்க்கவும் வேண்டும். மீறினால் என்னாகும் என்று எச்சரிக்கவும் செய்தார். மாணவர் கீழ்ப்படிந்தார். பல்லாண்டுகள் கழித்து எழுதும்போது, அந்த ஏக்கம் இன்னும் தம் உள்ளத்தைவிட்டு நீங்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். ஆசிரியரின் கட்டளையைக் குறைகூறவில்லை. தம் வருத்தத்தை மறைக்கவும் இல்லை. அதபு என்ற பெயரால் மாணவன் தன் மனத்தை முற்றாக அடக்கிக்கொள்ள வேண்டும் என்று கருதுவோர் இவ்விடத்தைக் கவனிக்கவேண்டும்.

இமாம் நவவீ அவர்களே தம் ஆசிரியர்களின் நினைவைப் பேணியவர்தாம். தம் ஃபிக்ஹுக் கல்வியின் தொடரை ஆசிரியர் ஆசிரியராக இமாம் ஷாஃபிஈ (ரஹ்) வரையும், அதற்கப்பால் நபிகள் நாயகம் (ஸல்) வரையும் ‘தஹ்தீபுல் அஸ்மா’வில் எழுதிக்காட்டி, ஆசிரியர்கள் மார்க்கத்தில் தந்தையர் என்றும், அவர்களை அறியாதிருப்பது மாணவனுக்கு அழகன்று என்றும் கருத்துரைத்தார். மறைவுக்குச் சற்றுமுன் ஊர் திரும்பும்போது, இரவல் பெற்றிருந்த வக்ஃபு நூல்களைத் திருப்பித் தந்து, தம் ஆசிரியர்களின் அடக்கத்தலங்களுக்குச் சென்று ஓதி அழுதார். பிறகே நவாவுக்குப் புறப்பட்டார்.

அவர் ஹிஜ்ரி 665 முதல் தலைமை வகித்த தாருல் ஹதீஸ் அல்அஷ்ரஃபிய்யாவுக்குப் பின்னாளில் வந்தவர் தகிய்யுத்தீன் ஸுப்கீ. ஹிஜ்ரி 742இல் அங்கே தங்கியிருந்த அவர், இரவுகளில் வகுப்பு நடந்த கூடத்துக்கு வந்து, அங்கு விரிக்கப்பட்டிருந்த பழைய கம்பளத்தில் முகத்தைப் பதிப்பாராம். நவவீ அமர்ந்து பாடம் நடத்திய விரிப்பு அது என்பதே காரணம். இதை எழுதிவைத்தவர் அவர் மகன் தாஜுத்தீன். நவவீ மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின்னரே பிறந்த ஒருவருக்கும் அந்தக் கூடம் ‘பழைய பள்ளி’யாகிவிட்டதெனில், இடையில் இருந்த மாணவர்கள் நினைவைக் கைமாற்றித் தந்ததே அதற்குக் காரணம்.

நினைவு என்றாலே புகழுரை என்று கொள்வதற்கில்லை. ஹாஃபிள் தஹபீ (மறைவு ஹி. 748 / கி.பி. 1348) தம் முஃஜமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைக் குறிப்பிடுகிறார். தம் கையெழுத்து முஹத்திஸ்களின் கையெழுத்தைப் போலிருக்கிறது என்று பிர்ஸாலீ சொன்ன ஒரு சொல்லே தம்மை ஹதீஸின்பால் ஈர்த்தது என்று நன்றியோடு எழுதிய அதே தஹபீ, தாம் கேட்டறிந்த வேறொரு ஷைகு தொழுகையில் குறைவுடையவர் என்றும், கேட்கும் பேராசையே தம்மை அவரிடம் கொண்டுசென்றது என்றும் மறைக்காது எழுதினார். அவருக்காக அல்லாஹ்வின் மன்னிப்பையும் வேண்டினார். நன்றி ஒருபுறம், உண்மை ஒருபுறம் என்று அவர் பிரித்துவைக்கவில்லை.

இவ்வேடுகளில் பெண் ஆசிரியர்கள் இடம்பெறுவது வியப்புக்குரியதாக அன்று எவருக்கும் தோன்றவில்லை. இப்னு ஹஜர் (ரஹ்) தம் ஆசிரியையருள் ஒருவரான மர்யம் அல்அத்ரஇய்யா (மறைவு ஹி. 805) அவர்களுக்காக, அவர்தம் ஆசிரியர்களைத் திரட்டி ஒரு முஃஜம் தொகுத்தளித்தார். அந்த இப்னு ஹஜரைப் பற்றி அவர் மாணவர் ஸகாவீ ‘அல்ஜவாஹிர் வத் துரர்’ எழுதினார். ஹிஜ்ரி 852இல் ஆசிரியர் மறைந்தபோது மாணவருக்கு வயது இருபத்தொன்றுதான். இப்னு கல்தூனோ இளமையிலேயே ஹிஜ்ரி 749ஆம் ஆண்டின் கொள்ளை நோயில் பெற்றோரையும் தூனிஸ் நகர ஆசிரியர்கள் பலரையும் இழந்தவர். தன்வரலாற்றில் அவர்களை ஒவ்வொருவராகப் பெயர்சொல்லி நிறுத்துகிறார்.

இவ்வளவு பெரிய மரபுக்கு உரியவர்களாகிய நாம், நம் மத்ரஸாக்களைப் பற்றியும் பள்ளிகளைப் பற்றியும் எதை எழுதிவைத்துள்ளோம்? பழைய மாணவர் சந்திப்புகள் நடைபெறுகின்றன. நூற்றாண்டு மலர்களும் வெளிவருகின்றன. மலரைத் திறந்தால் வாழ்த்துரைகள் பாதி. எஞ்சியவற்றில் ‘ஒழுக்கசீலர்’, ‘அறிவுக்கடல்’, ‘ஈடிணையற்றவர்’ என்ற அடைமொழிகள் பாதி. அந்த அறிவுக்கடல் எந்த நூலை எவ்வாறு நடத்தினார், கடினமான இடத்துக்கு எந்தத் தமிழ்ச் சொல்லைக் கையாண்டார், எந்த ஊரிலிருந்து வந்தார், என்ன சம்பளம் பெற்றார், தவறு செய்த மாணவனை எவ்வாறு திருத்தினார் என்பவை கிடைப்பதில்லை. அடைமொழியை எவருக்கும் சூட்டலாம். பன்னிரண்டு பாடங்களின் பட்டியல் ஒருவருக்கே உரியது.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. 1892இல் தொடங்கப்பெற்ற கொழும்பு சாகிராக் கல்லூரியை 1921 முதல் 1948 வரை டி. பி. ஜாயா அவர்களும், 1948 முதல் 1961 வரை ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களும் வழிநடத்திய காலம், அங்கே பயின்றோரின் எழுத்துகளால் ஓரளவு நமக்குத் தெரியவருகிறது. பேராசிரியர் கா. சிவத்தம்பி போன்ற, அங்கே பயின்று பின்னர் அங்கேயே கற்பித்தவர்களையும் கொண்ட கல்லூரி அது. எனினும் அங்கும் அதிபர்களே பேசப்படுகின்றனர். கீழ்வகுப்பில் எழுத்தறிவித்தவர், விடுதியைக் கவனித்தவர், நூலகத்தைத் திறந்துவைத்திருந்தவர் ஆகியோர் நவாவின் ஓதல் ஆசிரியரைப் போலப் பெயரின்றிப் போகின்றனர்.

மத்ரஸாக்களின் நிலை இதனினும் கவலைக்குரியது. அங்கே பாடம் பெரும்பாலும் வாய்மொழியாகவே நடந்தது. ‘ஃபத்ஹுல் முயீன்’ வரியொன்றுக்கு ஹழ்ரத் தந்த தமிழ் விளக்கம் அச்சேறவில்லை. ஆனால் அது ஓரிடத்தில் இருக்கிறது. ஓதிய பிள்ளைகளின் கிதாபு ஓரங்களில், வரிகளுக்கு இடையில், சிறிய அரபுத்தமிழ் எழுத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது. சில பிரதிகளில் பாடம் தொடங்கிய நாள், நோன்பு விடுமுறைக்கு நிறுத்திய இடம், ஆசிரியர் நோயுற்றதால் தவறிய நாள்கள் ஆகியவையும் குறிக்கப்பட்டுள்ளன. எழுதியவர் அறியாமலேயே எழுதிய ஸமாஉ அது. இத்தகைய பிரதிகள் இன்று வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. ஓதியவர் மறைந்ததும், வீட்டை இடித்துக் கட்டும்போது, மரியாதை கருதியே அவற்றைக் கடலில் விடுகின்றனர் அல்லது மண்ணில் புதைக்கின்றனர். ஓரத்தில் இருப்பது என்னவென்று ஒரு முறை வாசித்துப் பார்க்கவும், அதைப் படியெடுக்கவும், ஓதியவர் உயிரோடிருக்கும்போதே அவரருகில் அமர்ந்து அக்கையெழுத்தின் பொருளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளவும் ஒரு பிற்பகல் போதும்.