ஒரே பாதை, நான்கு பேரேடுகள்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. வங்கிப் பணியாளர்களாகிய எங்களுக்கு அது பழமொழி அன்று, அன்றாடத் தொழில். மாலையில் பெட்டகத்தைப் பூட்டுமுன் கையிருப்பும் ஏடும் ஒத்துப்போக வேண்டும். ஒரு ரூபாய் குறைந்தாலும் கூடினாலும் வீடு திரும்ப இயலாது. இத்தகையோர் மிதிவண்டி ஓட்டத் தொடங்கினால் என்னவாகும்? சென்ற தூரத்தையும் ஏறிய உயரத்தையும் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். எங்களுக்கும் அதுவே நேர்ந்தது.

பெங்களூரில் வெவ்வேறு கிளைகளில் பணிபுரியும் நாங்கள் நால்வர், சில ஆண்டுகளாக ஞாயிறுதோறும் மிதிவண்டியில் சென்றுவருகிறோம். எங்களுள் மூவர் நாற்பதைக் கடந்தவர்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அஞ்சி வண்டி ஏறியவர்கள். நான்காமவர் முப்பதை எட்டாத இளம் அதிகாரி, வேகத்தில் விருப்பமுள்ளவர். பயணத்தைப் பதிவுசெய்ய ஒருவர் திறன்பேசிச் செயலியையும், ஒருவர் கைக்கடிகாரத்தையும், ஒருவர் சக்கரத்தில் பொருத்திய எளிய மானியையும் பயன்படுத்தினர். இளையவரிடம் மட்டும் கைப்பிடியில் பொருத்தும் விலையுயர்ந்த கணினி இருந்தது. அதுபோன்ற ஒன்றை வாங்கலாமா என்று மற்ற மூவரும் பல வாரங்கள் விவாதித்தோம். முடிவு எட்டவில்லை. எனவே ஒரே நாளில், ஒரே பாதையில், நான்கையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தோம்.

சோதனையும் முதல் வியப்பும்

ஹெப்பாளில் தொடங்கி, எலகங்கா, தேவனஹள்ளி வழியாக நந்தி மலை உச்சிக்குச் சென்று திரும்புவது திட்டம். போகவர ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். பெங்களூரின் மிதிவண்டி ஓட்டிகளுக்கு நந்தி மலை ஒரு தேர்வுக்கூடம் போன்றது. கடல் மட்டத்திலிருந்து 1,478 மீட்டர் உயரமுள்ள அதன் உச்சியைத் தொட்டவர்க்கே குழுவில் மதிப்பு.

உச்சியில் நின்று நால்வரும் எங்கள் கணக்குகளை ஒப்பிட்டோம். அதுவரை ஏறிய மொத்த உயரம் 690 மீட்டர் என்றது இளையவரின் கணினி. திறன்பேசியோ 790 மீட்டர் என்றது. வீடு திரும்பிய பின் மொத்தத் தூரத்தைப் பார்த்தோம். திறன்பேசியில் 100.9 கிலோமீட்டர், கைக்கடிகாரத்தில் 100.2 கிலோமீட்டர், சக்கர மானியில் 97.3 கிலோமீட்டர். நான்காவது கணக்கு பாதியில் நின்றுவிட்டது. அது ஏன் நின்றது என்பதைப் பின்னர் கூறுவோம்.

கணக்குகள் ஏன் ஒத்துப்போவதில்லை?

திறன்பேசியும் கடிகாரமும் செயற்கைக்கோள்களை நம்புபவை. அமெரிக்காவின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்பொலிகள் கிடைத்தால்தான் இருப்பிடத்தையும் உயரத்தையும் கணிக்க இயலும். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, நம் இஸ்ரோ உருவாக்கிய நாவிக் ஆகியவையும் இப்பணிக்கென அமைக்கப்பட்டவை. பல அமைப்புகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் கருவியின் கணிப்பு பொதுவாக நம்பகமானது. எனினும் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் அடர்ந்த மரநிழலிலும் புள்ளிகள் சற்று அங்குமிங்கும் விலகும். விலகிய புள்ளிகளை இணைக்கும் கோடு, நாம் சென்ற கோட்டைவிட நீளமாகிவிடும்.

உயரத்தைப் பொறுத்தவரை செயற்கைக்கோள் கணிப்பு இன்னும் தளர்வானது. இளையவரின் கணினியில் காற்றழுத்த உயரமானி இருந்தது. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதை அது அளக்கிறது. சிறு மேடுபள்ளங்களையும் உணரும் இம்முறையே ஏற்றக் கணக்கிற்கு ஏற்றது. ஆனால் இதற்கும் ஒரு குறை உண்டு. வானிலை மாற்றத்தால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினாலும், நின்ற இடத்திலேயே எட்டு அல்லது ஒன்பது மீட்டர் ஏறியதாகவோ இறங்கியதாகவோ காட்டும்.

சக்கர மானியின் மூன்று கிலோமீட்டர் எங்கே போயிற்று? இது எங்களை உறங்கவிடவில்லை. ஆரத்தில் பொருத்திய காந்தம் உணரியைக் கடக்கும் எண்ணிக்கையைச் சக்கரச் சுற்றளவால் பெருக்குவதே அம்மானியின் வேலை. நண்பர் தம் வண்டியின் 25 மில்லிமீட்டர் டயரை மாற்றி, 35 மில்லிமீட்டர் டயரைப் போட்டிருந்தார். மானியிலோ பழைய அளவான 2,105 மில்லிமீட்டரே இருந்தது. புதிய டயரின் சுற்றளவு 2,168 மில்லிமீட்டர். திருத்திக் கணக்கிட்டபோது 97.3 கிலோமீட்டர் 100.2 ஆயிற்று, கடிகாரத்துடன் அப்படியே பொருந்தியது. எல்லாவற்றிலும் மலிவான மானி பிழை செய்யவில்லை. பதிவைத் திருத்தாத நாங்களே பிழை செய்தோம்.

செயலிகள்: எது எதற்கு?

ஸ்ட்ராவா 2009இல் தொடங்கப்பட்டது. பாதையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, அப்பகுதியைக் கடந்தோரின் நேரங்களை வரிசைப்படுத்துவது அதன் தனித்தன்மை. நண்பர்களின் பயணங்களைக் கண்டு ஊக்கம் பெற விரும்புவோர்க்கு இது ஏற்றது. பயணத்தைப் பதிவது கட்டணமின்றிக் கிடைக்கிறது; முழுத் தரவரிசைக்கும் பாதை வகுப்பதற்கும் சந்தா தேவை.

ஜெர்மனியில் உருவான கோமூட், போகும்முன் திட்டமிடுவோர்க்குரியது. பாதையில் தார்ச் சாலை எவ்வளவு, மண் சாலை எவ்வளவு, எங்கே ஏற்றம் என்பவற்றை முன்கூட்டியே காட்டுகிறது. ரைட் வித் ஜிபிஎஸ் செயலியோ, எந்தத் திருப்பத்தில் எப்பக்கம் திரும்புவது என்னும் வழித்தாளை ஆயத்தம் செய்வதில் சிறந்தது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டிய பிரவே எனும் நெடும்பயணங்களை மேற்கொள்வோரிடையே இது பழக்கமானது.

செயலிகள் அனைத்திற்கும் பொதுவான இடர் ஒன்று உண்டு. மின்சிக்கனத்திற்காகத் திறன்பேசி தானாகவே செயலியை நிறுத்திவிடக்கூடும். அவ்வாறு நேர்ந்தால், வளைந்து வளைந்து ஏறிய மலைப்பாதை வரைபடத்தில் ஒரே நேர்கோடாகத் தெரியும். பேட்டரிச் சிக்கனக் கட்டுப்பாட்டிலிருந்து அச்செயலிக்கு விலக்கு அளித்துவிட்டால் இத்தொல்லை பெரும்பாலும் தீரும்.

கருவிகள்: எவருக்குத் தேவை?

கார்மின், வாஹூ, பிரைட்டன் போன்ற நிறுவனங்களின் கைப்பிடிக் கணினிகள் வெயிலிலும் தெளிவாகத் தெரியும், மழைக்கு அஞ்சா. மழைத்துளி பட்ட திறன்பேசித் திரை விரலுக்குக் கட்டுப்படாத அனுபவம் பலருக்கும் இருக்கும். மேலும், நெடும்பயணத்தில் திறன்பேசியின் மின்னூட்டம் அவசர அழைப்புக்காகவும் வேண்டியிருக்கிறது. நாள் முழுதும் ஓட்டுவோரும், இதயத் துடிப்பு உணரி, மிதிவிசை மானி ஆகியவற்றை இணைப்போரும் இக்கணினியை வாங்குவதில் பொருளுண்டு. வாரம் இருமுறை ஏரிக்கரையைச் சுற்றிவருவோர்க்குக் கையிலுள்ள திறன்பேசியே போதும். இணையமோ மின்னூட்டமோ வேண்டாதவர்க்குக் காந்த மானி உண்டு. அதன் சிறு பொத்தான் பேட்டரி பல மாதங்கள் உழைக்கும்.

பணக் கணக்கு

கருவியின் விலையை அது உழைக்கும் ஆண்டுகளாலும், ஆண்டுதோறும் நாம் ஓட்டும் கிலோமீட்டராலும் வகுத்துப் பாருங்கள். 20,000 ரூபாய்க் கருவியுடன் ஆண்டுக்கு 1,000 கிலோமீட்டர் வீதம் ஐந்தாண்டுகள் ஓட்டினால், கிலோமீட்டருக்கு நான்கு ரூபாய் ஆகிறது. அந்நான்கு ரூபாய்க்கு உரிய பயன் கிடைக்கிறதா என்பதே கேள்வி. அலமாரியில் உறங்கும் கருவிக்கு எவ்விலையும் மிகையே.

சந்தாவில் இன்னும் விழிப்பு தேவை. இலவசச் சோதனைக் காலம் என்று தொடங்கும்போதே, பின்னர் தானாகப் பணம் எடுத்துக்கொள்ள நாம் ஒப்புதல் அளித்துவிடுகிறோம். செயலியைத் திறன்பேசியிலிருந்து நீக்கிவிட்டால் சந்தா நீங்கிவிடாது. இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இத்தகைய தானியங்கிப் பற்றுக்கு 24 மணி நேரத்திற்கு முன்பே வாடிக்கையாளருக்கு அறிவிப்பு வர வேண்டும். ஆனால் 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் கூடுதல் ஒப்புதல் கேட்கப்படுவதில்லை. எனவே அந்த அறிவிப்புக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் கடந்துவிடாதீர்கள்.

வீட்டு வாசலைக் காட்டும் வரைபடம்

கணக்கு எண்ணையும் கடவுச்சொல்லையும் எவரிடமும் கூற வேண்டாம் என்று நாங்கள் நாள்தோறும் அறிவுறுத்துகிறோம். ஆனால் எங்கள் மூவரின் பயணப் பதிவுகளும் பொதுவில் திறந்தே கிடந்தன. ஒவ்வொன்றும் வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலில் முடிந்தது. ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, பதினொரு மணிக்குத் திரும்புவோம் என்பதை எவரும் அறியலாம். வண்டியின் பெயரையும் மாதிரியையும்கூட எழுதிவைத்திருந்தோம்.

2017 நவம்பரில் ஸ்ட்ராவா உலகளாவிய வெப்ப வரைபடம் ஒன்றை வெளியிட்டது. பயனாளர்கள் ஓடிய, ஓட்டிய தடங்களெல்லாம் அதில் ஒளிக்கோடுகளாகத் தெரிந்தன. ஆளில்லாப் பகுதிகளில் இராணுவ முகாம்களின் உட்பாதைகளும் அவ்வாறே வெளிப்பட்டிருப்பதை 2018 ஜனவரியில் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். பெயரில்லாத் தடமும் பேசும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை வரைபடத்தில் மறைக்கும் வசதி செயலியிலேயே இருக்கிறது. இன்றே அதை அமைத்துவிடுங்கள்.

பதிவின் படி ஒன்று நம்மிடமும் இருக்கட்டும். 2020 ஜூலையில் இணையத் தாக்குதலால் கார்மின் நிறுவனத்தின் இணையச் சேவைகள் சில நாள்கள் முடங்கின. ஆனால் பயணப் பதிவுகள் அவரவர் கருவியிலேயே இருந்தன; கம்பி வழியே அவற்றைக் கணினிக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது.

நின்றுபோன நான்காவது கணக்கு

இனி அந்த நான்காவது கணக்கு. மலையிலிருந்து இறங்கும்போது, தம் முந்தைய நேரத்தை முறியடிக்க இளையவர் விரைந்தார். ஒரு வளைவில் மணல் பரவியிருந்தது. நாங்கள் இருவர் அவருக்கு முன்பே கீழே இறங்கித் தேநீர்க் கடையில் காத்திருந்தோம். எல்லோர்க்கும் பின்னால் மெதுவாக வந்த காந்த மானிக்காரரே, சாலையோரம் விழுந்துகிடந்த அவரைக் கண்டார். காரை எலும்பு முறிந்திருந்தது. தலைக்கவசம் பிளந்திருந்தது, தலை பிழைத்தது.

விபத்தை உணர்ந்து உறவினருக்குச் செய்தி அனுப்பும் வசதி அக்கணினியில் இருந்தது. அவசரத் தொடர்பு எண்ணை அவர் பதிவு செய்யவே இல்லை. நாங்களும் கேட்டதில்லை.

இரண்டு வாரங்கள் கழித்து, அவர் வீட்டில் அமர்ந்து அந்தப் பதிவைத் திறந்தோம். வேகக்கோடு 56 கிலோமீட்டரைத் தொட்டு, அடுத்த சில நொடிகளில் சுழியத்தில் விழுந்திருந்தது. அவர் சாலையோரம் கிடந்த நேரத்தைக் கருவி 'ஓய்வு' என்று கருதி, ஓட்டிய நேரத்திலிருந்து கழித்திருந்தது. மேலே, சின்னமொன்று ஒளிர்ந்தது: இதுவரையிலான உச்ச வேகம், வாழ்த்துகள். எவரும் பேசவில்லை. அவர் தாயார் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்னப்பா பாக்கறீங்க?" என்றார். திரையை அணைத்துவிட்டோம்.

கருவி பொய் சொல்லவில்லை. கேட்டதைச் சரியாகவே அளந்தது. எதைக் கேட்பது என்பதை நாங்கள்தாம் தவறாக முடிவு செய்திருந்தோம்.

எங்கள் பரிந்துரை

புதிதாகத் தொடங்குவோர் கட்டணமில்லாச் செயலி ஒன்றுடன் மூன்று மாதங்கள் ஓட்டிப் பாருங்கள். வாங்குவதை அதன் பின்னர் முடிவு செய்யலாம். ஒரு கருவியின் எண்ணை வேறொரு கருவியின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ஒரே கருவியின் இம்மாத எண்ணைச் சென்ற மாத எண்ணோடு ஒப்பிடுங்கள். டயரை மாற்றினால் சுற்றளவையும் மாற்றுங்கள். இறக்கங்களில் நேரம் பார்க்காதீர்கள். அவசரத் தொடர்பு எண்ணை இன்றே பதிவு செய்யுங்கள். புறப்படும்முன் வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை எட்டு மணி நேரத்திற்கு வீட்டாருடன் பகிர்ந்துவிட்டுச் செல்லுங்கள். அதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

இளையவர் இப்போது மீண்டும் வண்டி ஓட்டுகிறார். கணினி அவர் கைப்பிடியிலேயே இருக்கிறது. இறக்கத்தில் மட்டும் அதன் திரையை வேகத்திலிருந்து வரைபடத்திற்கு மாற்றிவிடுகிறார். நாங்கள் மூவரும் புதிய கருவி எதையும் வாங்கவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் மலையடிவாரத்தில் ஒரு கணக்கை மட்டும் தவறாமல் சரிபார்க்கிறோம்: ஏறியவர் நால்வர், இறங்கியவர் நால்வர். அது ஒத்துப்போன பிறகே தேநீர்.