நிரப்பப்படாத கட்டம்

26 வாரத்திலேயே பிறந்துவிட்ட ஒரு குழந்தை. எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. சூட்டைத் தக்கவைக்கத் தோலுக்கு அடியில் கொழுப்பு இல்லை. அதனால்தான் பிரிட்டனின் பிரசவ அறைகளில் இப்படிப்பட்ட குழந்தையைத் துடைப்பதற்குக்கூட நேரம் செலவிடாமல், கழுத்துவரை பிளாஸ்டிக் பையில் பொதிந்து, தலைக்குக் குல்லாய் மாட்டி, சூடேற்றியின் கீழ் வைக்கிறார்கள். பச்சிளங்குழந்தைப் பிரிவில் சேர்த்த ஒரு மணி நேரத்துக்குள் எடுக்கும் உடல் வெப்பம் 36.5 டிகிரிக்கும் 37.5 டிகிரிக்கும் இடையில் இருக்க வேண்டும். அதை எழுத மின்னணுப் பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் என்ன பொருள்? வெப்பம் பார்க்கப்படவே இல்லை என்றா? பார்த்தார்கள், எழுத நேரமில்லை என்றா? குழந்தையைக் காப்பாற்றும் போராட்டத்தில் அது பின்னுக்குப் போய்விட்டது என்றா? மூன்றும் மூன்று வேறு கதைகள். ஒவ்வொன்றுக்கும் மாற்று வேறு. எந்தக் கதை உண்மை என்று கேட்டு அறிவதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒருவர் இருக்கிறார். அவருடைய வேலையும் சிகிச்சையின் ஒரு பகுதிதான் என்பது என் வாதம்.

அவருடைய பதவிப் பெயர் 'புராஜெக்ட் அட்மினிஸ்ட்ரேட்டர்'. தமிழில் 'திட்ட நிர்வாகி' என்றால் மேசைக்குப் பின்னால் அதிகாரத்தோடு அமர்ந்திருப்பவர் போலத் தோன்றும். உண்மையில் இது அலுவலகப் படிக்கட்டின் கீழ்ப்படிகளில் உள்ள நிர்வாக உதவியாளர் வேலை. பிரிட்டனில் 2006 முதல் நடந்துவரும் தேசியப் பச்சிளங்குழந்தைத் தணிக்கைத் திட்டத்தை லண்டனில் உள்ள குழந்தை மருத்துவர்களின் ராயல் கல்லூரி நடத்துகிறது. அந்த நாட்டில் ஏழெட்டுக் குழந்தைகளில் ஒன்று பிறந்ததும் சிறப்புப் பராமரிப்புக்குப் போகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 90,000 குழந்தைகள். அவர்களைக் கவனிக்கும் பிரிவுகள் பெரும்பாலானவை 'பேட்ஜர்நெட்' என்ற மின்னணுப் பதிவேட்டில் அன்றாட விவரங்களை எழுதுகின்றன. தணிக்கை அந்த விவரங்களிலிருந்தே சில கேள்விகளுக்கு விடை தேடுகிறது. தாய்க்குப் பிரசவத்துக்கு முன் ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா, குழந்தையின் கண்ணைக் குறித்த வாரத்தில் பரிசோதித்தார்களா, தாய்ப்பாலோடு வீட்டுக்குப் போனதா, சேர்த்த 24 மணி நேரத்துக்குள் மூத்த மருத்துவர் ஒருவர் பெற்றோரிடம் உட்கார்ந்து பேசினாரா என்பன போன்ற கேள்விகள் அவை. இந்தக் கேள்விகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் நடுவே கடிதம் அனுப்புவது, விடை வராத இடத்தில் மீண்டும் கேட்பது, கூட்டங்களுக்குக் குறிப்பெடுப்பது, அட்டவணையைச் சரிபார்ப்பது எல்லாம் அந்த நிர்வாக உதவியாளர் தலையில்.

மருத்துவம் அறிந்தவர்களுக்கு இவ்வளவு கண்காணிப்பு எதற்கு என்று கேட்கலாம். வரலாறு தரும் விடை கசப்பானது. நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி இருவரும், குறைப்பிரசவம் நேரக்கூடிய தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைந்து பக்குவப்படும் என்று காட்டிய ஆய்வு 1972-இல் வெளிவந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அதை உறுதிசெய்யும் ஆய்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. ஆனாலும் பெரும்பாலான தாய்மார்களுக்கு அந்த ஊசி போய்ச் சேரவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தில் இருக்கும் கோடுகள் இந்த ஆய்வுகளின் தொகுப்பையே குறிக்கின்றன. அறிந்தும் செய்யாமல் போன காலத்தின் நினைவுச்சின்னம் என்றே அதைச் சொல்லலாம். மெக்னீசியம் சல்பேட்டின் கதையும் இப்படித்தான். மிகக் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்குப் பெருமூளை வாதம் வரும் வாய்ப்பை இந்த மருந்து குறைக்கிறது. பிரிட்டனில் ஒரு தாய்க்கு ஆகும் மருந்துச் செலவு ஒரு பவுண்டு அளவுதான். அப்படியும் 2017-இல் இங்கிலாந்தில் அது கிடைக்க வேண்டிய தாய்மார்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கே கிடைத்தது. மேற்கு இங்கிலாந்தில் சில மருத்துவமனைகளில் தொடங்கிய 'பிரிசெப்ட்' முயற்சி நாடெங்கும் விரிந்ததும், அடுத்த சில ஆண்டுகளில் அந்த அளவு 80 விழுக்காட்டைத் தாண்டியது. செவிலியர்க்குப் பயிற்சி கொடுத்தார்கள், பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு வழிகாட்டிகள் தயாரித்தார்கள், பெருமை அவர்களுடையது. ஆனால் யாருக்குக் கிடைத்தது, எந்த ஊரில் கிடைக்கவில்லை என்று ஆண்டுதோறும் காட்டிக்கொண்டிருந்தவை தணிக்கைப் பதிவுகள். அவை இல்லாவிட்டால் அந்த முயற்சி வென்றதா என்பதுகூடத் தெரிந்திருக்காது.

இங்கேதான் காலிக் கட்டத்தின் கேடு புரிய வேண்டும். ஒரு மருத்துவமனையில் ஓராண்டில் 40 மிகக் குறைமாதக் குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். 30 பேருக்கு வெப்பம் பதிவாகியிருக்கிறது; அவர்களில் 27 பேருக்குச் சரியான அளவு. பதிவானவர்களை மட்டும் எண்ணினால் 90 விழுக்காடு, பாராட்டத்தக்க எண். விடுபட்ட 10 பேரும் குளிர்ந்துபோயிருந்தால் உண்மை 67.5 விழுக்காடு. எல்லோரும் சரியாக இருந்திருந்தால் 92.5. ஒரே பதிவேட்டிலிருந்து இவ்வளவு தூரம் விலகிய இரண்டு உண்மைகள் எழ முடியும். விடுபட்டவர்கள் சீட்டுக் குலுக்கியதுபோல் விடுபடுவதும் இல்லை. ஆள் பற்றாத இரவில் பிறந்த குழந்தை, வந்து சேர்ந்ததுமே உயிருக்குப் போராடிய குழந்தை, சில மணி நேரத்தில் ஆம்புலன்ஸில் வேறு ஊருக்கு அனுப்பப்பட்ட குழந்தை, பிழைக்காமல் போன குழந்தை, இவர்களின் கட்டங்களே முதலில் காலியாகும். எந்தக் குழந்தைகளிடமிருந்து நாம் அதிகம் கற்றுக்கொள்ள வேண்டுமோ அவர்களே கணக்கிலிருந்து நழுவுகிறார்கள். அதனால்தான் நல்ல தணிக்கை, விடுபட்ட பதிவுகளை ஒதுக்கிவிடாமல் தனியாக எண்ணிக் காட்டுகிறது. அந்த எண்ணைக் குறைக்கும் வேலை மின்னஞ்சலிலும் தொலைபேசியிலும் நடக்கிறது. அறிக்கையின் அட்டையில் அதன் சுவடு தெரியாது.

இதற்கு எழும் எதிர்ப்புகளில் மிக நியாயமானது செவிலியர்களுடையது. தீவிர சிகிச்சையில் ஒரு குழந்தைக்கு ஒரு செவிலியர் என்பது அந்த நாட்டின் நெறி. அந்த நெறியே பல பணிநேரங்களில் எட்டப்படுவதில்லை. தொட்டிலுக்கு அருகே இருக்க வேண்டிய கை, விசைப்பலகையில் இருக்கலாமா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. தணிக்கைக்காகவே தனிப் படிவம் நிரப்பச் சொல்லியிருந்தால் நானும் அவர்கள் பக்கமே நிற்பேன். ஆனால் இந்தத் திட்டம் சிகிச்சைக்காக எப்படியும் எழுதப்படும் பதிவேட்டிலிருந்து விவரங்களை எடுக்கிறது. அதற்கு மேலும் சுமை கூடுவது பெரும்பாலும் கேள்வி தெளிவில்லாதபோதுதான். "உங்கள் பதிவுகள் முழுமையாக இல்லை" என்ற பொதுக் கடிதம் ஒரு பிரிவின் அரைநாளைத் தின்றுவிடும். "இந்த நான்கு குழந்தைகளுக்குக் கண் பரிசோதனைத் தேதி இல்லை, வேறு மருத்துவமனையில் நடந்ததா?" என்று கேட்டால் கால் மணி நேரத்தில் விடை வரும். ஆக, தேர்ந்த நிர்வாக உதவியாளர் ஒருவர் இருந்தால் செவிலியரின் நேரம் மிச்சமாகிறது. அந்த இடத்தில் ஆள் இல்லாதபோதுதான் சுமை வார்டுக்குள் போய் விழுகிறது. தொட்டிலுக்கு எத்தனை செவிலியர் என்பதும் இதே தணிக்கையின் அளவுகோல்களில் ஒன்று என்பதை மறக்கக் கூடாது. ஆள் பற்றவில்லை என்ற அவர்களின் குரலை எண்ணாக மாற்றி அரசின் மேசையில் வைப்பதும் இதுவே.

கணினியே இதைச் செய்துவிடாதா என்பது அடுத்த கேள்வி. எந்தக் கட்டம் காலி என்று கணினி நொடியில் சொல்லும். ஏன் காலி என்று அதனால் சொல்ல முடியாது. 27 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தை முழு வசதி கொண்ட தீவிர சிகிச்சை மையத்தில் பிறக்க வேண்டும் என்பது நெறி. பிரசவ வலி நெறி பார்த்து வருவதில்லை. சிறிய மருத்துவமனையில் பிறந்து, பெரிய மையத்துக்கு மாற்றப்பட்டு, தேறியதும் வீட்டுக்கு அருகில் உள்ள பிரிவுக்குத் திரும்பும் குழந்தைக்கு மூன்று இடங்களில் மூன்று பதிவுகள். பெயர்கூட இன்னும் வைக்கப்பட்டிருக்காது. எந்தப் பிரிவின் கணக்கில் எந்தச் சிகிச்சை சேரும், ஒரே குழந்தை இருமுறை எண்ணப்பட்டதா, ஒரு பிரிவில் "பரிசோதனை முடிந்தது" என்பதும் இன்னொன்றில் "பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது" என்பதும் ஒன்றா, இவையெல்லாம் இரண்டு மனிதர்கள் பேசித் தீர்க்க வேண்டியவை.

எண்கள் பழிபோடும் கருவியாகிவிடும் என்ற அச்சமும் இருக்கிறது. மிக நலிந்த குழந்தைகளை ஏற்கும் மையம் ஒப்பீட்டில் மோசமாகத் தெரியும். அடுத்த முறை எண்ணை அழகாக்கும் ஆசை வரும். ஆபத்து மெய்யானது. அதனால்தான் தற்செயலான ஏற்ற இறக்கத்தையும் உண்மையான விலகலையும் பிரிக்கப் புள்ளியியல் எல்லைகள் உள்ளன: இரண்டு திட்ட விலக்கத்தைத் தாண்டினால் எச்சரிக்கை, மூன்றைத் தாண்டினால் அபாய அறிவிப்பு. அப்போதும் அந்த மருத்துவமனைக்கு முதலில் தரப்படுவது தன் பதிவுகளைச் சரிபார்த்து விளக்கம் சொல்லும் வாய்ப்பு. கடிதம் எந்தத் தேதியில் போனது, பதில் எப்போது வந்தது, என்ன திருத்தப்பட்டது என்ற தடம் பிசகாமல் இருந்தால்தான் அந்த நடைமுறையில் நியாயம் இருக்கும். அளக்காமல் விட்டதன் விலையோ மிகப் பெரியது. பிரிஸ்டலில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சையை ஆராய்ந்து 2001-இல் வெளியான அறிக்கை, 1991 முதல் 1995 வரை வழக்கமாக எதிர்பார்க்கப்படுவதைவிட 30 முதல் 35 கைக்குழந்தைகள் கூடுதலாக இறந்திருந்ததைக் கண்டது. விவரங்கள் அங்கே நிறையவே இருந்தன. அவற்றைப் படித்து எழுந்து நிற்கும் பொறுப்புத்தான் யாருக்கும் இல்லாமல் போயிற்று. கிழக்கு கென்ட் மருத்துவமனைகளின் பிரசவப் பராமரிப்பு பற்றி 2022-இல் வந்த விசாரணை அறிக்கை, தான் ஆராய்ந்த 65 குழந்தை மரணங்களில் 45-ஐத் தவிர்த்திருக்க முடியும் என்றது. அது முன்வைத்த பரிந்துரைகளில் ஒன்று, இரைச்சலுக்கு நடுவே உண்மையான அறிகுறியைப் பிரித்துக் காட்டும் நம்பகமான அளவீடுகள் வேண்டும் என்பது.

தணிக்கையால் உண்மையிலேயே சிகிச்சை மேம்படுகிறதா? 140 ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வின்படி, செய்ய வேண்டியதைச் செய்யும் அளவு நடுமதிப்பாக 4.3 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுகிறது. சிறிய எண்ணாகப் படலாம். ஆயிரம் தாய்மார்களில் 43 பேர் என்று எழுதினால் அப்படிப் படாது. அந்த மதிப்பாய்விலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. தொடக்கத்தில் நிலைமை மோசமாக இருந்த இடங்களிலும், முடிவுகளைத் திரும்பத் திரும்ப, எழுத்திலும் நேரிலும் தெரிவித்த இடங்களிலும், தெளிவான இலக்கும் செயல்திட்டமும் கொடுத்த இடங்களிலும் பலன் கூடுதல். திரும்பத் திரும்பத் தெரிவிப்பது என்றால் என்ன? யாரோ ஒருவர் மாதந்தவறாமல் அந்தத் தாளை அனுப்ப வேண்டும். அது சரியான ஆளிடம் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. ஒவ்வொரு பெற்றோரிடமும் தனித்தனியே சம்மதம் கேட்காமல் குழந்தையின் விவரங்களைப் பயன்படுத்த, 2006-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சேவைச் சட்டத்தின் 251-ஆம் பிரிவு சிறப்பு அனுமதி தருகிறது. அது பெரிய நம்பிக்கை. என்ன எடுக்கிறார்கள், எதற்கு எடுக்கிறார்கள், வேண்டாம் என்றால் எப்படி விலகலாம் என்பதைச் சொல்லும் சுவரொட்டியும் கையேடும் ஒவ்வொரு பிரிவிலும் கண்ணில் படும் இடத்தில் இருப்பது அந்த நம்பிக்கைக்குச் செய்யும் மரியாதை. அவை அச்சாகி, உரிய இடத்துக்குப் போய்ச் சேர்வதை உறுதிசெய்வதும் அதே நிர்வாக உதவியாளர்தான்.

இத்தனையும் இருந்தும் இந்த வேலைக்குப் பெரும்பாலும் ஒப்பந்தக் காலம் முடியும்வரை மட்டுமே நியமனம். நிதி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது ஆள் மாறுகிறார்; எந்தப் பிரிவில் யாரிடம் கேட்டால் விடை வரும் என்ற அறிவும் அவரோடு போய்விடுகிறது. இந்தத் தணிக்கையின் மிகக் கடினமான கேள்வியில்தான் அந்த அறிவின் இழப்பு நன்றாகத் தெரிகிறது. மிகக் குறைமாதத்தில் பிறந்த குழந்தை 2 வயதில் நடக்கிறதா, பேசுகிறதா, பார்வையும் செவியும் நன்றாக உள்ளனவா என்ற கேள்வி அது. தொடக்க ஆண்டுகளில் இதற்கான பதிவுகள் பெருந்தொகையாக விடுபட்டிருந்தன. வீடு மாறிய குடும்பம், பிறந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத வேறொரு மருத்துவர் செய்த பரிசோதனை, யார் எழுதுவது என்று தெரியாத ஒரு கட்டம். பிறந்த நாளுக்கும் அந்தப் பரிசோதனைக்கும் நடுவே இரண்டு ஆண்டு இடைவெளி. அந்தப் பரிசோதனையை நினைவூட்டும் கடிதத்தை அனுப்பும்போது, குழந்தை இன்குபேட்டரில் இருந்த நாட்களில் அந்தப் பிரிவோடு பேசிய அதே ஆள் இன்னும் அந்த இருக்கையில் இருக்கும்படி நியமனங்கள் அமைய வேண்டும்.